மளிகைச் சீட்டு

அரிசி – கல் பார்த்து வாங்கணும்.
காபித்தூள் 50 கிராம்.
கல்கண்டு.
வெந்தயம்.
பெருங்காயம் – கொஞ்சம் போதும்.
பழைய பாக்கி – கட்டியாச்சு.
பில் எண் 14416.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த பாதித் தாள், நீல மை, மேலே பிள்ளையார் சுழி. எழுதியவளின் சம்மதத்தோடு எடுத்த நகல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பார்க்கிறவர்கள், சாயங்காலம் கடைக்குப் போக நான் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எழுதியவளுக்கு வேண்டியதும் அதுதான். வீட்டில் யாராவது அவள் பையைத் துழாவினாலும் மளிகைச் சீட்டைத் தாண்டி ஒன்றும் தெரியக் கூடாது.

துறையூர்ப் பக்கத்துப் பெண். திருச்சியில் கல்லூரி, இருபது வயது. பெண்ணைக் காதலிக்கிற பெண். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மார்கழியில் ஒருநாள் அம்மா போனில் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி முழுக்க விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், விடிந்ததும் தில்லைநகரில் மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருக்கும் என் அறைக்கு வந்துவிட்டாள். அந்த ராத்திரியில் அவள் என்ன யோசித்தாள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. இனி அப்படி ஒரு ராத்திரி வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்ததன் விடைதான் அந்தச் சீட்டு.

(இந்தக் கட்டுரையில் வருகிற பிள்ளைகள் யாரும் அப்படியே ஒருவர் அல்ல. ஊர், வயது, படிப்பு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கிறேன்.)

மனநல ஆலோசனை என்கிற எங்கள் தொழிலில் இந்த மாதிரிச் சீட்டுக்குப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒழுங்குபடுத்தி, 2012-இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ஒரே தாள், ஆறு படி. ஆபத்து நெருங்குகிறது என்பதை எந்த அறிகுறியால் தெரிந்துகொள்வாய்? அப்போது தனியாக என்ன செய்து மனதைத் திருப்புவாய்? எந்த இடத்துக்குப் போவாய், யாரோடு இருப்பாய்? யாரிடம் வாய்விட்டு உதவி கேட்பாய்? மருத்துவர், உதவி எண் எது? உயிருக்கு ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருக்க என்ன ஏற்பாடு? கேட்டால் சுலபமாக இருக்கும். பல வருடங்கள் நானும் அச்சடித்த படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன்.

படிவத்தில் 'உதவி கேட்கக்கூடிய குடும்பத்தினர்' என்று ஒரு கட்டம் உண்டு. தேர்வில் தோற்ற பையன் அதில் மாமா பெயரை எழுதுவான். கடன்காரர் தொல்லையில் வந்தவர் தம்பி பெயரை எழுதுவார். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளும் திருநர் பிள்ளைகளும் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். ஊர் முழுக்கச் சொந்தம் இருக்கும், சொல்வதற்கு ஓர் ஆள் இருக்காது. அந்தத் தாளே வீட்டில் ஆபத்து. தலைப்பைப் படித்ததும் அப்பா கேட்கப்போகிற முதல் கேள்வி 'ஏன்?' என்பதுதான். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல முடியாமல்தானே பிள்ளை என்னிடம் வந்தது.

படிவத்தைத் தூக்கிப் போட வைத்தவள் துறையூர்ப் பெண். "மேடம், இதை மளிகை லிஸ்ட்டா எழுதிக்கிறேனே" என்றாள்.

அரிசியில் கல் என்பது அறிகுறி. ராத்திரி விடுதிச் சாப்பாட்டைத் தொடாமல் வந்துவிட்டால் அவளுக்கு அது கெட்ட ராத்திரி. காபித்தூள் அவளாகவே கண்டுபிடித்தது. விடுதி அறையில் கள்ளத்தனமாக ஒரு பில்டர் வைத்திருந்தாள். வெந்நீர் ஊற்றி டிகாஷன் சொட்டுச் சொட்டாய் இறங்கும் வரை எதையும் முடிவு செய்யக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டிருந்தாள். கல்கண்டு, மலைக்கோட்டை. வெந்தயம் விடுதித் தோழி: "கசப்பா பேசுவா மேடம், ஆனா வயித்துக்கு நல்லவ." பெருங்காயம் சித்தி. பாசமானவர், ஆனால் வாசனை ஊரைக் கூட்டிவிடும். அளவாகத்தான் சொல்ல வேண்டும். பழைய பாக்கி என்பது, கையில் இருக்கக் கூடாத ஒன்றைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டாள் என்பதற்கு அடையாளம். 14416 எதற்கு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழ்நாட்டில் அந்தச் சேவைக்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். எந்த நேரத்திலும் அழைக்கலாம், பணம் கிடையாது. ஐந்து இலக்கம் என்பதால் பில் எண்ணாக அழகாகப் பொருந்திவிட்டது.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சொல்லிக் கொடுத்தது என்று பார்த்தால் கடைசி இரண்டு வரி மட்டும்தான். மற்ற ஐந்தும் அவளிடம் ஏற்கெனவே இருந்தவை. கெட்ட ராத்திரியில் அவை அவள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பிறகு கேட்கிற முறையையே மாற்றிக்கொண்டேன்.

கேட்பதில்தான் பயிற்சிக்கு வருகிற மாணவர்கள் வழுக்கி விழுவார்கள். "அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் வரலையே?" என்பார்கள். அதில் 'வரலைன்னு சொல்லிடேன்' என்ற கெஞ்சல் ஒளிந்திருக்கிறது. எதிரே இருக்கிற பிள்ளை நம் மேல் இரக்கப்பட்டு "இல்ல மேடம்" என்று சொல்லிவிடும். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் டாக்டர்களுக்கே உண்டு. அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நான் கண்ணால் பார்ப்பது, கேட்டவுடன் பிள்ளையின் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்குவதை.

தமிழில் இன்னொரு சிக்கல். நம் பேச்சில் சாவு ரொம்ப மலிவு. பஸ் போய்விட்டால் 'செத்தேன்', வெயில் அடித்தால் 'சாகடிக்குது', வேலை கூடினால் 'சாவுற மாதிரி இருக்கு'. அதனால் ஒரு பெண் 'செத்துடலாம் போல இருக்கு' என்று சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். நான் எந்தச் சாவையும் சிரித்துக் கடத்துவதில்லை. எத்தனை நாளாக, எந்த நேரத்தில், என்ன செய்வது என்று யோசித்தாயா என்று கேட்டுவிடுவேன். வெறும் பேச்சுவழக்காக இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தப் பிள்ளைகளின் வீட்டில் அந்தச் சொல் இன்னொரு விதமாகவும் செலவழிந்து போயிருக்கும். 'நீ இப்படித்தான்னா நான் உசிரோட இருக்க மாட்டேன்.' பெரும்பாலும் அம்மாக்கள் சொல்வது, சில வீடுகளில் பாட்டி. அப்பாக்கள் 'எனக்கு ஒரே பிள்ளைன்னு நினைச்சுக்கிறேன்' என்பார்கள். அம்மா ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் அதன்பிறகு அந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேசுகிற உரிமை அவருக்கு மட்டுமே. தனக்கும் அப்படித் தோன்றுகிறது என்று பிள்ளை எப்படிச் சொல்லும்? போட்டிக்குச் சொல்வது போல ஆகிவிடும். அம்மாவைக் காப்பாற்றுகிற வேலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருகிற பிள்ளைகளை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

எல்லாம் கேட்ட பிறகு நான் கேட்பது இதுதான்: "அப்ப எது உன்னை நிறுத்திச்சு?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றுகூடத் தோன்றும். பெரிய காரணம் எதுவும் வராது. "நாய்க்கு இன்னும் சோறு வைக்கலைன்னு ஞாபகம் வந்துச்சு." "தங்கச்சி சடங்குக்கு நான்தான் போட்டோ எடுக்கணும்." "அரியர் எக்சாமுக்கு பீஸ் கட்டிட்டேன் மேடம்." கடைசியாகச் சொன்ன பையன் சொல்லிவிட்டு அவனே சிரித்தான், நானும் சிரித்தேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் அந்த ராத்திரியைத் தாண்ட வைத்திருக்கிறது. அதைத் தாளில் முதல் வரியாக எழுதிக்கொண்டோம்.

என் அறைக்கு வருவதற்கு முன்பே இவர்கள் எல்லாருமே பத்து, இருபது கெட்ட ராத்திரிகளைக் கடந்தவர்கள். யாருடைய உதவியும் இல்லாமல் கடந்தவர்கள். எப்படிக் கடந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

திருச்சியில் ஒரு பையன் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொள்வான். சத்திரத்தில் ஏறி ஸ்ரீரங்கம், அங்கிருந்து ஜங்ஷன், மறுபடி சத்திரம். ஜன்னல் சீட்டு கிடைத்தால் இரண்டு சுற்று. "பஸ்ல யாரும் என்னைப் பார்த்து எப்ப கல்யாணம்னு கேக்க மாட்டாங்க" என்றான். கூட்டத்துக்கு நடுவில் இருக்கலாம், யாருக்கும் உறவுக்காரனாக இருக்க வேண்டியதில்லை. ஒரு திருநம்பி, நண்பனின் சைக்கிள் கடையில் ஒரு சட்டையும் பேன்ட்டும் மடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டுவார். வார நாட்களில் அந்தச் சட்டையை நினைத்துக்கொள்வார். இன்ஸ்டாகிராமில் முகம் காட்டாத இரண்டாவது கணக்கு கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு. அதில் ஊர் பேர் தெரியாத ஒருவர் 'சாப்டியா?' என்று கேட்பதைப் பெற்றோர் கெட்ட சகவாசம் என்பார்கள். அங்கே ஆபத்தும் இருக்கத்தான் செய்கிறது. பழகிவிட்டு 'வீட்டுக்குச் சொல்லிடுவேன்' என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிற கும்பல்களில் சிக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கை அழித்துவிடு என்று நான் சொல்வதில்லை. யாரோடு பேசுகிறாய், எதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பேசுவேன்.

கையைக் காயப்படுத்திக்கொள்கிற பிள்ளையிடமும் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையிடமும் இதே கதைதான். முதல் நாளே 'விட்டுடு' என்றால் மறைத்துச் செய்யப் பழகுவார்கள். அது அந்த நேரத்தில் எதைத் தணிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைத் தணிக்கிற வேறொன்றைத் தேடிக் கையில் கொடுத்த பிறகுதான் பழையதை வாங்க முடியும். மாதக்கணக்கில் ஆகும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு, தன்பாலீர்ப்புக்கு மாத்திரை கிடையாது. இரண்டும் வேறு என்று தெரிந்த மருத்துவராகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்பதால் என் பட்டியல் சிறியது.

மலைக்கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நானூறுக்கு மேற்பட்ட படி ஏறினால் மூச்சு வாங்கும், மனதில் ஓடுகிற வண்டி கொஞ்சம் நிற்கும். அதற்கு உடற்கூறு விளக்கமெல்லாம் உண்டு. ஆனால் அதைச் சீட்டில் எழுதிய ஒரு திருநங்கைப் பிள்ளை சொன்ன காரணம் வேறு. காவிரி வெள்ளத்தில் தாய் வந்து சேர முடியாதபோது, பிரசவ வலியில் இருந்த ரத்தினாவதிக்குச் சிவனே அம்மா உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தாயுமானவர் கதை. "சாமி ஆம்பளையா இருந்து அம்மாவா ஆச்சு. இந்த ஊர்ல அதுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறாங்க. என்னைப் பார்த்தா மட்டும் கல்லெடுக்கிறாங்க. அதான் மேல போய் சாமிகிட்டயே கேப்பேன்." நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்தப் பிள்ளைக்குப் பின்னால் திருநங்கைகளின் ஜமாத் ஒன்று இருந்தது. மூத்த திருநங்கை ஒருவர் மகளாக எடுத்துக்கொண்டார். அம்மா, நானி, அக்கா என்று புதுச் சொந்தம் கிடைத்தது. எல்லா ஜமாத்தும் நல்லது என்று சொல்ல மாட்டேன், அங்கேயும் அதட்டல் உண்டு, பணக்கணக்கு உண்டு. ஆனால் நடுராத்திரி கதவைத் தட்டினால் திறக்கிற வீடு. தமிழ்நாடு அரசும் 2008-இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் வைத்தது. இதில் எதுவும் திருநம்பிகளுக்கு அந்த அளவு இல்லை. தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்குச் சுத்தமாக இல்லை. அவர்கள் பெண்ணாக வீட்டுக்குள்ளேயே வளர்கிறவர்கள். ஓடிப்போனால்கூட 'பெண்ணைக் காணோம்' என்று காவல் நிலையத்தில் மனு கொடுத்து இழுத்து வந்துவிடுவார்கள். என் டைரியில் தை, மாசி, ஆவணி மாதங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன். முகூர்த்த மாதங்களுக்கு முந்தைய வாரங்களில்தான் பெண்கள் அதிகம் வருவார்கள். 'ஜாதகம் எடுத்தாச்சு மேடம்' என்று தொடங்கும் பேச்சு.

இனி என் தவறு.

தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், மணப்பாறைப் பக்கம். கூடப் படிக்கிற பையனைக் காதலித்து, அது வகுப்பில் தெரிந்து, கேலியாகி, மூன்று நாளாகத் தூங்காமல் வந்தான். அந்த ராத்திரியை அவன் தாண்ட மாட்டானோ என்று எனக்குப் பயம். படிவத்தில் இருந்த அப்பாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். செய்தது சரி. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியக் காப்பில் விலக்கு உண்டு, அன்றும் உண்டு, இன்றும் சட்டப்படி உண்டு. ஆனால் அப்பா "எதுக்கும்மா இப்படி?" என்று கேட்டார். பதற்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வந்து அழைத்துப் போனார். படிப்பு நின்றது. மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோனார்களாம். பிறகு அவன் எண்ணும் இல்லாமல் போயிற்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று இன்னொருவர் வழியாகத் தெரிய மூன்று வருடம் ஆனது. உயிரோடு இருக்கிறானே என்று என் ஆசிரியர் ஆறுதல் சொன்னார். இருக்கிறான்தான். அவன் என்னிடம் கொண்டுவந்தது இரண்டு ரகசியங்கள். ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது. இன்னொன்றைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டையும் ஒரே முடிச்சாகப் பார்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து முதல் சந்திப்பில், முதல் ஐந்து நிமிடத்தில், இதைச் சொல்லிவிடுகிறேன்: "உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் இன்னொருத்தரைக் கூப்பிடுவேன். அப்பவும் 'பிள்ளை ரொம்ப மனசு ஒடஞ்சு இருக்கு, தனியா விடாதீங்க'ன்னுதான் சொல்வேன். ஏன் ஒடஞ்சதுங்கறதை நீ சொல்லச் சொன்னாதான் சொல்வேன். யாரைக் கூப்பிடணும்னு இப்பவே நீயே சொல்லு." பெரும்பாலானவர்கள் அப்பா பெயரைச் சொல்வதில்லை. அண்ணி, பள்ளிக்கூட டீச்சர், கல்யாணமாகிப் போன அக்கா. ஒருவன் டீக்கடைக்காரர் பெயரைச் சொன்னான். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருநாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு 'கடை அடைக்கிற வரைக்கும் இங்கயே ஒக்காரு தம்பி' என்று சொன்னவர். அமெரிக்காவில் டிரெவர் புராஜெக்ட் என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அப்போது நினைத்துக்கொண்டேன். தன்னை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருக்கிற பிள்ளைகளிடம் முந்தைய ஓராண்டில் தற்கொலை முயற்சி 40 விழுக்காடு குறைவாக இருந்ததாம். அந்த ஒருவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பெயர் விஷயத்தையும் தவறு செய்துதான் கற்றேன். கோப்பில் இருக்கும் பெயர் ஒன்று, கூப்பிட வேண்டிய பெயர் ஒன்று. போனை அம்மா எடுத்தால் கோப்புப் பெயர், பிள்ளை எடுத்தால் அதன் பெயர். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைச்சொல்லின் வாலிலேயே ஆண் பெண் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தப்பிக்க வழியில்லை என்று முதலில் மலைத்தேன். பிறகுதான் 'வந்தாங்க' இருக்கிறதே என்று உறைத்தது. மரியாதைப் பன்மை! இன்னும் தன் பாலினத்தைத் தனக்கே சொல்லிக்கொள்ளாத பதினேழு வயதுப் பிள்ளையை 'அவங்க' என்று சொல்லும்போது இரட்டை லாபம். முடிவு செய்ய அவகாசமும் கிடைக்கிறது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் மரியாதையாகவும் பேசுகிறார்.

பெற்றோர் வருவார்கள். "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை மேடம், மாத்திக் குடுத்துடுங்க." அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்தால் இந்த வேலை செய்ய முடியாது. பக்கத்து வீடு, சாதிசனம், தங்கைக்கு வரன் தட்டிப் போகும் என்ற பயம் எல்லாம் சேர்ந்து நடுங்கிக்கொண்டுதான் வருவார்கள். முன்பெல்லாம் அறிவியல் சொல்லுவேன்: 1990-இலேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்பேன். அது அவர்கள் காதில் ஏறியதில்லை. இப்போது ஒரு கதை சொல்கிறேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்கள், பெற்றோர் கொடுத்த புகாரால் போலீஸ் தொல்லை தாங்காமல் உயர் நீதிமன்றம் போனார்கள். விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7-இல் உத்தரவு எழுதினார். 'மாத்திக் குடுக்கிறேன்' என்று மருத்துவம் பார்ப்பதற்கு அதில் தடை போட்டார். "ஹைகோர்ட்டு ஜட்ஜே தெரியலைன்னு ஒத்துக்கிட்டுக் கத்துக்கிட்டாரு. நாம கத்துக்கிட்டா என்ன கௌரவம் குறையப் போகுது அண்ணாச்சி?" என்று ஒரு மளிகைக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மருந்து எதுவும் கிடையாதுங்கறீங்க" என்றார். அடுத்த வாரமும் வந்தார். மகனைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் வியாபாரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அதற்கும் அடுத்த வாரம் வந்தார்.

கெய்ட்லின் ரயன் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவில் இளம்வயதுத் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் 224 பேரிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. வீட்டார் கடுமையாக ஒதுக்கிய பிள்ளைகள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது, ஒதுக்காத அல்லது குறைவாக ஒதுக்கிய வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு. அதே ஆய்வில் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது நடுவில் இருக்கிற வீடுகளைப் பற்றி. முழுசாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை, கொஞ்சம் குறைத்து ஒதுக்கினாலே ஆபத்து கணிசமாக இறங்குகிறது. திட்டுவதை நிறுத்தாவிட்டாலும் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைக்காதீர்கள் என்று கேட்பேன். அதுவரைக்கும் வருவார்கள்.

நீதிமன்றமும் சட்டமும் இந்தப் பிள்ளைகளின் தூக்கத்தோடு எவ்வளவு சம்பந்தப்பட்டவை என்பதை 2013 டிசம்பர் 11 அன்று புரிந்துகொண்டேன். 2009-இல் டில்லி உயர் நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் அன்று திருப்பிப் பிடுங்கியது. "மேடம், நேத்து வரைக்கும் நான் குத்தவாளி இல்ல. இன்னிக்குலேருந்து குத்தவாளி. நான் எதுவுமே பண்ணலையே, தூங்கிட்டுதான இருந்தேன்" என்று ஒரு பையன் போன் செய்தான். 2018 செப்டம்பர் 6-இல் அது மறுபடி திருத்தப்பட்டபோது அவன் வெளிநாட்டில் இருந்தான். குறுஞ்செய்தி அனுப்பினான், ஒரு புன்னகைப் படம் மட்டும். அதே 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு கவனிப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனாலும் 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோகிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன்.

கணக்கேடுகளைப் பற்றியும் ஒரு ஆதங்கம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலை 19,834. நாட்டில் இரண்டாம் இடம். காரணங்களில் 'குடும்பப் பிரச்சினை' முதலில் நிற்கிறது. திருநருக்கு அதில் தனிக் கட்டம் உண்டு. பெண்ணைக் காதலித்த பெண் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறாள் என்று தேட வழியில்லை. நம் பத்திரிகைகளில் பல காலமாக வருகிற ஒரு வரி நினைவிருக்கும்: தீராத வயிற்று வலியால் அவதிப்பட்ட கல்லூரி மாணவி. சின்ன வயதில் நானும் அதை நம்பினேன், இவ்வளவு பெண்களுக்கு வயிற்று வலி வருகிறதே என்று பயந்திருக்கிறேன்.

ஒருவரை நான் இழந்திருக்கிறேன். அதை எழுதப் போவதில்லை.

அதன்பிறகு என் கையில் ஒரு சிறிய நோட்டு ஏறியது. வந்துபோனவர்களுக்கு எந்தத் தேதியில் போன் செய்ய வேண்டும் என்ற நோட்டு. இதற்கு ஊக்கம் சென்னையிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்கள் இருந்தன. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கீங்க' என்ற விசாரிப்பும். 18 மாத முடிவில் முதல் பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்ட பிரிவில் இரண்டு பேர். ஆய்வுக்கட்டுரையை முதலில் படித்தபோது எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒன்பது போன் அழைப்பு! வீடு சோறு போட்டும் பேசாமல் இருக்கிற பிள்ளைக்கு, யாரோ ஒருவர் தேதி வைத்துக் கூப்பிடுகிறார் என்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பேசுவதும் பெரிய பேச்சு இல்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, சீட்டு பத்திரமா. அம்மா பக்கத்தில் இருந்தால் "ஆமா மேடம், அசைன்மென்ட் அனுப்பிட்டேன்" என்பார்கள். அசைன்மென்ட் என்றால் இப்போது பேச முடியாது என்று அர்த்தம்.

துறையூர்ப் பெண்ணுக்கு அந்தத் தையில் பெண் பார்க்க வந்தார்கள். மேற்படிப்பு முடியட்டும் என்று சித்திதான் எடுத்துச் சொல்லித் தள்ளிப் போட்டார். ஏன் என்று சித்திக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம் என்றும் அவளுக்குச் சந்தேகம். முதுகலை சேர்ந்தாள். என் அழைப்புகள் மாதம் ஒன்று என்பது போய் மூன்று மாதத்துக்கு ஒன்று ஆனது.

போன ஆடியில் நான் கூப்பிடுவதற்கு நான்கு நாள் முன்பே அவளிடமிருந்து போன்.

"மேடம், வெந்தயம் தீர்ந்துபோச்சு."

ஒரு நொடி எனக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது. விடுதித் தோழிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். புது ஊர், புது வேலை, ராத்திரி போன் எடுப்பதில்லை.

"கல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல. நேத்து இருந்துச்சு. காபி போட்டேன், படி ஏறினேன். பில் நம்பருக்குக்கூடப் போட்டேன், ஒரு அக்கா நல்லாத்தான் பேசினாங்க. ஆனா லிஸ்ட்ல ஒரு எடம் காலியா இருக்கு, அதான்."

"இப்ப எங்க இருக்க?"

"கீழதான். உங்க மெடிக்கல் ஷாப் வாசல்ல."

மேலே வரச் சொன்னேன். கையில் புதுத் தாள் வைத்திருந்தாள், பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது. அரிசி, காபித்தூள், கல்கண்டு வரை எழுதியிருந்தாள். நாலாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு, "லைப்ரரில ஒரு பொண்ணு இருக்கா மேடம். இன்னும் ஒண்ணும் சொல்லல. ஆனா சொல்லலாம்னு தோணுது. என்ன பேர் வைக்கலாம்?" என்றாள்.

சீரகம் என்றேன். முகத்தைச் சுளித்தாள்.

"ஏலக்காய் போட்டுக்கிறேன்" என்றாள்.